எலுமிச்சைத் தோலும் மணல் வாளியும்

தலைவரே, நீங்கள் மைக்கில் சொன்னது பொய். எங்கள் கடைக் குப்பையால்தான் தெருவில் தேனீ சேர்ந்தது என்றீர்கள். "அந்தம்மா சுத்தம் பார்க்கிறதில்ல" என்றும் சொன்னீர்கள். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அந்தம்மாவும் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி. எழுந்து வீட்டுக்குப் போனவள், அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

எங்களுடையது சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில் ஒரு சர்பத் கடை. பக்கத்தில் பட்டாசுக் கடை. அதனால் அடுப்பு கிடையாது, ஊதுபத்திகூடக் கொளுத்த மாட்டோம். எலுமிச்சை, நன்னாரி, ஐஸ், அவ்வளவுதான். பங்குனி பிறந்தால் தேனீ வந்துவிடும். சுற்றிலும் காய்ந்த பொட்டல். வாசல் குப்பைத் தொட்டியில் பிழிந்த தோலும் இனிப்பு ஒட்டிய கப்பும் கிடந்தால் அது வேறு எங்கே போகும்? மற்ற ஊரில் புகை போட்டு விரட்டுவார்கள். இங்கே எவன் புகை போடுவான்?

முதல் வருடம் நான் துண்டை வீசி விரட்டினேன். கன்னத்தில் கொட்டு வாங்கினேன். பட்டாசு ஃபாக்டரி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் விடவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருக்கீக?"

என் மனைவியும் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் மறுநாளே வழி கண்டுபிடித்தாள். பட்டாசுக் கடை வாசலில் தீயணைக்க மணல் வாளி தொங்கும். தோலைக் கொட்டும்போதெல்லாம் அதிலிருந்து இரண்டு கை அள்ளி மேலே தூவி மூடினாள். வாடை அடங்கியது. தேனீ குறைந்தது. வாளியில் மணலும் குறைந்தது. லைசென்ஸ் பார்க்க அதிகாரி வந்த அன்று பாதிகூட இல்லை. பட்டாசுக் கடைக்காரர் எங்களிடம் ஓடி வந்தார்.

"ஏக்கா, தீப்பிடிச்சா நான் எலுமிச்சைத் தோலையா அள்ளிப் போடுறது?"

"போடு தம்பி. ஈரமாத்தான இருக்கு, அணைஞ்சிரும்."

அதிகாரியே சிரித்துவிட்டார். பிறகு திட்டிவிட்டுத்தான் போனார். அதன்பின் எங்களுக்கென்று ஒரு வாளி வாங்கினோம். அதற்கு அடிக்கச் சிவப்பு பெயிண்ட் கொடுத்தது அந்தத் தம்பிதான். தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டோம். கப்பைக் கழுவாமல் அவள் எறிய விடமாட்டாள். கடைக்குப் பின்னால், வேலியோரம், தட்டில் கூழாங்கல் போட்டு வெல்லத் தண்ணீரும் வைத்தாள். தேனீ அங்கே போகப் பழகியது.

"அங்கன தட்டுல வச்சிருக்கது எங்களுக்காக்கா?" என்று வேன் பெண்கள் கேட்பார்கள்.

"அது கொட்டுறவளுகளுக்கு. நீங்களும் அந்தக் கூட்டந்தானா?"

சாயங்காலமானால் வாசல் நிறைந்துவிடும். கையில் அலுமினியப் பொடி மினுங்க, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவள் ஒரு கையால் எலுமிச்சை பிழிந்துகொண்டே எல்லோருக்கும் பதில் சொல்வாள். எனக்கு ஐஸ் உடைக்கிற வேலை மட்டும்தான். வருடக்கணக்கில் அந்த வாசலில் ஒருத்தியையும் தேனீ கொட்டியதில்லை.

போன தை மாதம் நீங்கள் தெருவுக்கே ஒரே தொட்டி என்று முடிவெடுத்தீர்கள். மூடி போட்ட எங்கள் தொட்டியைச் சங்கத்து ஆட்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாய் திறந்த இரும்புத் தொட்டியை, ஆள் உயரத்துக்கு, எங்கள் கடையை ஒட்டி இறக்கினார்கள். தெருக்கோடியில் இருக்கும் உங்கள் மிட்டாய்க் கடை ஆட்கள் பாகுச் சட்டியைக் கழுவி அதில்தான் ஊற்றினார்கள். நான் பார்த்தேன். தெருவே பார்த்தது. மணல் போட அவளுக்குக் கை எட்டவில்லை. இரண்டு தடவை உங்களிடம் வந்து, "ஒரு மூடி மட்டும் போட்டுக் குடுங்க" என்று கேட்டாள். "பாப்போம்மா" என்றீர்கள். பார்க்கவில்லை.

பங்குனியில் தொட்டி முழுக்கத் தேனீ. வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணுக்கு இமையில் கொட்டியது. நான்கு நாள் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அடுத்த கூட்டத்தில்தான் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள்.

"நான் போய் நின்னா அந்தப் பிள்ளைக என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்கிறாள் என் மனைவி. அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த மாதக் கூட்டத்துக்கு அவளை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கள் தொட்டியை எடுக்கச் சொன்னது யார்? பாகை ஊற்றியது யார் கடை ஆள்? தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.