எரிச்சல் நின்ற இரண்டு வருடம்

பவளம் அக்கா இறந்த செய்தியை அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் தலவாக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அழுகை வரவில்லை. என்மேலேயே அருவருப்புத்தான் வந்தது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவருடையது. கூடக் கொழுந்தெடுத்தவர்களுக்கு அவர் வாய் தெரியும். "கங்காணி கத்துறதுக்குப் பயந்து செடி கொழுந்து விடுமா?" என்பார்.

நெஞ்செரிச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒமிப்ரசோல் கொடுத்தார்கள். பத்து மணி ரொட்டியைத் தின்றுவிட்டு மலையிலேயே விழுங்குவார். எரிச்சல் அடங்கவில்லை. ஒருநாள் மாத்திரை உறையை என்னிடம் நீட்டினார்.

"டிகிரி எடுத்த புள்ள, இதயாவது படிச்சுச் சொல்லு."

லயத்தின் முதல் பட்டதாரி நான், படித்தது விலங்கியல். தயங்கித் தயங்கிச் சொன்னேன். இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு வந்ததும் அவை இறைக்கத் தொடங்கும். அந்த நேரம் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றைப் பூட்டும். ரொட்டிக்கு அரைமணி முந்தியே விழுங்க வேண்டும்.

"அப்ப ஒம்பதரைக்குக் கொழுந்து எடுத்துக்கிட்டே போட்டுக்கிறேன்."

சில நாட்களில் எரிச்சல் நின்றது. லயம் முழுக்க என் பெருமையைப் பேசினார்.

நின்றது அமிலம் மட்டும்தான். உள்ளே இருந்தது புற்றுநோய். எரிச்சல் இல்லாததால் யாரும் அதைத் தேடவில்லை. இரண்டாம் வருட முடிவில் அவருடைய சட்டை தொளதொளத்தது. சோறு நாலு வாயோடு நின்றது. டிஸ்பென்சரிக்கு நானும் கூடப் போனேன்.

"ஒடம்பு எளச்சுப் போச்சுங்கய்யா" என்றார் அக்கா.

"எரியுதா?"

"இல்லீங்க."

"அப்ப நல்லாத்தானே இருக்கு. போ."

மருந்து கொடுக்கும் ஐயா நிமிரவே இல்லை. மாத்திரை உறையைத் தள்ளினார். வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன். அவர் முன்னால் வாய் திறக்கவில்லை.

சாவு வீட்டில் அதே ஐயா, "கேஸ்டிரிக்க அசட்டையா விட்டுட்டா" என்றார். தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"ஒருநாளும் தவறாம போட்டாங்கய்யா. கடுதாசி நீங்க குடுக்கல. நான் கேக்கல."

எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

அதற்கு முன், நோய் முற்றிச் சேர்த்த ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசம் எரியாம காரச் சம்பல் தின்னேன் புள்ள. அது ஒன் புண்ணியம்."

அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் புண்ணியம்தான். நினைத்தாலே குமட்டுகிறது. ஆனாலும் வைத்திருக்கிறேன்.