கொம்பில்லாத வார்த்தைகள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவள் தங்கை, அதாவது என் மச்சினி. பக்கத்து வீட்டுப் பெரியவர். சொந்தப் படகு உள்ளவர். நான் நைனா என்று கூப்பிடுவேன். அப்புறம் மச்சினியின் மடியில் லேப்டாப்.

எண்ணூர். ஞாயிறு மதியம். சாப்பாடு முடிந்துவிட்டது. நைனா மட்டும் கிளம்பவில்லை. எங்கள் வீட்டு ஃபேன் அவர் வீட்டு ஃபேனைவிட வேகம்.

மச்சினி காலேஜில் மீன் பற்றிப் படிக்கிறாள். பெரிய படிப்பு. ஒரு வருஷமாக எங்களோடு படகில் வந்தாள். அனல் மின் நிலையம் வெந்நீர் விடும் ஆற்றில் கருவியை விட்டுச் சூடு பார்ப்பாள். வலையில் ஏறியதை எண்ணுவாள். படகில் ஒரு ஆளை ஏற்றினால் அந்த அளவுக்கு மீனுக்கு இடம் குறையும். ஆனாலும் படகுக்காரர்கள் ஏற்றினார்கள். அவர்களிடம் பேசியது நான்தான்.

“காலேஜ்ல இங்கிலீசுல காட்டிக்கட்டும். எங்களுக்குத் தமிழ்ல காட்டணும். நாங்களே படிக்கணும்,” என்றார்கள்.

“காட்டுவா,” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படகு வேண்டும். கிடைக்காவிட்டால் படிப்பு பாதியில் நிற்கும். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வலை பின்னும் கூடத்தில் கூட்டம். படகுக்காரர்கள் நாற்பத்தாறு பேர். படத்தைப் பார்த்துவிட்டுப் பாதிக்கு மேல் கை தூக்கினால் படகு உண்டு.

படத்தைப் பெரிசாக அச்சடிக்கத் திருவொற்றியூரில் ஃப்ளெக்ஸ் கடை பேசியிருந்தேன். நாலு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் குடும்பம் உண்டு.

படம் என்றால் கோட்டுப் படம். கணக்கைக் கொடுத்தால் சாஃப்ட்வேர் கோடு போடும். ஆற்றில் அவள் சூடு பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படம். கோடெல்லாம் நன்றாக வந்திருந்தது. சிவப்புக் கோடு தண்ணீர்ச் சூடு. நீலக் கோடு இறால். மற்ற மீன்களுக்கு வேறு நிறம். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கட்டம்.

நைனா எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? ஐஸ் பொட்டி அடுக்கி வெச்ச மாரி கீது?”

“தமிழ்லதான் எழுதிகிறேன் பெரிப்பா. இதுக்குத் தமிழ் எழுத்து தெரியல. தெரியாத எழுத்துக்கு எல்லாம் கட்டம் போடுது.”

“எனுக்குக் கூட அப்டித்தான். இங்கிலீசு பாத்தா கட்டம் கட்டமாத்தான் தெரியும்.”

அவள் போனில் நெட்டை இழுத்துத் தமிழ் ஃபான்ட் ஒன்றை இறக்கினாள். அதன் பேரை ஒரு வரியில் தட்டினாள். எனக்கும் சொன்னாள். சாஃப்ட்வேரில் எழுத்துக்குக் குடும்பம் என்று ஒன்று உண்டாம். எந்தக் குடும்பம் என்று பேர் சொன்னால்தான் வருமாம்.

“எழுத்துக்குக் குடும்பமா? ரேஷன் கார்டு கீதா?” என்றார் நைனா.

படத்தை மறுபடி வரைந்தாள். மறுபடி கட்டம்.

“இன்னாடி, அதே கலீஜாவே கீது?” என்றாள் என் மனைவி.

“எந்தெந்த எழுத்து இருக்குதுன்னு அது முதல் தபா பாத்து வெச்சிகிச்சிக்கா. புதுசா ஒண்ணு வந்தாலும் திரும்பிப் பாக்காது. பழசையே புடிச்சிகினு இருக்குது.”

“உங்க மாமா மாரி.”

மச்சினி அந்தப் பழைய ஞாபகத்தைத் தேடி அழித்தாள். மூடித் திறந்தாள். தமிழ் வந்தது.

நைனா கை தட்டினார். மனைவி டீ வைக்க எழுந்தாள். நான் சட்டையை மாட்டினேன். மணி இரண்டரை.

“இரு மாமா,” என்றாள் மச்சினி. குரல் சரியில்லை.

படத்தின் கீழே ‘வேலை நாள்’ என்று எழுதியிருந்தாள். நாங்கள் தொழிலுக்குப் போன நாட்கள் அந்த வரிசையில். என் மனைவி நின்றபடியே படித்தாள்.

“வலை நாள்.”

“வலை நாளுதான். கரீட்டா போட்டுகீது,” என்றார் நைனா.

“அது வலை இல்ல பெரிப்பா. வேலை.”

நான் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்து எழுத்தாகத்தான் நான் படிப்பேன். முதலில் ‘வ’ மொட்டையாக நின்றது. அதன் இரட்டைக் கொம்பு ஒரு எழுத்து தள்ளிப்போய் ‘ல’வுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ‘லை’யின் கொம்பு எல்லாவற்றுக்கும் பின்னால் தனியாகக் கிடந்தது. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதை வலை என்றுதான் படிப்பார்கள்.

மற்றதையும் பார்த்தோம். கொம்பு உள்ள எழுத்து எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. கொம்பு இல்லாதது எல்லாம் ஒழுங்காக நின்றது.

விஷயம் இதுதான். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு அப்புறம் எழுத்தைப் போடுகிறோம். கம்ப்யூட்டருக்குள் எழுத்து முதலில், கொம்பு பின்னால். போனில் எல்லாம் அதுவே திருப்பிக் காட்டிவிடும். இந்த சாஃப்ட்வேர் திருப்பாது. வந்த வரிசையிலேயே இறக்கி வைத்துவிடும்.

“நீ கொம்ப முன்னாடி தட்டேன்,” என்றேன்.

“கீபோர்டு கொம்ப மட்டும் தனியாக் குடுக்கல மாமா. எழுத்தோட சேத்துத்தான் குடுக்குது.”

புது சாஃப்ட்வேர் போட்டால் சரியாகும் என்று போனில் படித்தாள். இறக்கப் பார்த்தாள். பாதியில் டேட்டா தீர்ந்தது. என் போனிலிருந்து இழுத்தாள். இறங்கியது. லேப்டாப் பழசு, ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றது. மணி மூன்று.

“இங்கிலீசுலயே போட்டுட்டு நான் வாயால சொல்லிடறேன் மாமா.”

“தமிழ்ல காட்டுவன்னு சொல்லிட்டேன்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி டீயோடு வந்தாள்.

“இதுக்கா பேஜாராவுற? கொம்பு இல்லாத வார்த்தயாப் போடு.”

“எங்கக்கா இருக்குது?”

“மடவை மீன நாம இன்னான்னு சொல்லுவோம்? மடவ. கடைசில கொம்பு எங்க கீது?”

மச்சினி அவளைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். மடவ. பிசிறில்லாமல் வந்தது.

“அக்கா, ஆனா இது எழுத்துத் தமிழ் இல்லியே. எங்க மேடம் பாத்தா—”

“படிக்கப் போறது யாரு? உங்க மேடமா, நாங்களா?” என்றார் நைனா.

அப்புறம் நாலு பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். ‘வெப்பநிலை’யில் இரண்டு கொம்பு. எடுத்துவிட்டு ‘சூடு’ என்று போட்டாள். வால் கொஞ்சம் தள்ளி நின்றது. வால்தானே, பரவாயில்லை. ‘இறால் எண்ணிக்கை’க்குக் கடைசியில் கொம்பு. என் மனைவி சொன்னாள், “எத்தினி எறா.” அதுவே மேலே தலைப்பாக ஏறியது. ‘வெந்நீர் விழும் இடம்’ என்பது ‘சுடுதண்ணி வாய்’ ஆனது. ‘முகத்துவாரம்’ முழுசாகத் தப்பியது. இவ்வளவு பெரிய வார்த்தையில் ஒரு கொம்பு இல்லை என்று நைனாவுக்கு ஒரே ஆச்சரியம். மாதங்களில் மே, ஜூலை, செப்டம்பர், அக்டோபர் நாலுக்கும் கொம்பு. மாதத்துக்கு எண் போட்டுவிட்டாள்.

‘வேலை நாள்’ மிச்சம்.

“கடலுக்குப் போன நாள்,” என்றார் நைனா.

“போ-வுக்குக் கொம்பு பெரிப்பா. முன்ன ஒண்ணு, பின்ன ஒரு காலு.”

“வல வுட்ட நாள்,” என்றேன்.

அவள் தட்டினாள். ஒன்றும் நகரவில்லை.

கொடுவாய் மீனுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. எப்படிச் சொன்னாலும் கொம்போடுதான் வருகிறது. விட்டுவிடலாம் என்றாள் மச்சினி. நைனா ஒத்துக்கொள்ளவில்லை. கொடுவா அதிகம் பிடித்தது அவர் படகு. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அச்சடித்த பிறகு மார்க்கரால் எழுதுவது என்று முடிவானது.

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்து போனேன். கடைக்காரர் ஷட்டரில் கை வைத்திருந்தார்.

ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார், “அண்ணே, ஒரே மிஸ்டேக்கா இருக்குதே. மடவை, இறால்னு மாத்திரட்டுமா? காசு வேணாம்.”

“தொடாதீங்க.”

“அண்ணே, ஊர்ல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

தலையை ஆட்டிக்கொண்டே அச்சடித்தார்.

ஆறு மணிக்குக் கூடத்தில் ஃப்ளெக்ஸைக் கட்டினோம். கொடுவா என்று என் மனைவி மார்க்கரால் எழுதினாள். கோணலாக இருக்கிறது என்றார் நைனா. அப்படியானால் நீயே எழுது என்றாள். அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

படகுக்காரர்கள் வந்தார்கள். யாரும் மச்சினியைக் கேட்கவில்லை. அவர்களே படித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் சத்தமாக, “எத்தினி எறா!” என்றார். சிரிப்பு கிளம்பியது. “உன் பொண்டாட்டி கேக்கற மாரியே கீதுடா,” என்றார் இன்னொருவர். சிலர் கிட்டே வந்து கோட்டின்மேல் விரல் வைத்தார்கள். சிவப்பு ஏறும் இடத்தில் நீலம் இறங்குவதைப் பார்த்தார்கள்.

“சுடுதண்ணி வாய்கிட்ட எறா இல்லன்னு எங்களுக்கே தெரியும்மா,” என்றார் ஒருவர்.

“எப்ப திரும்பி வருதுன்னு தெரியுமா மாமா? சூடு எறங்கின மறுநாளு. இதோ பாருங்க. எல்லா மாசமும்.”

அவர் பார்த்தார். நின்று இன்னொரு தரம் பார்த்தார்.

அப்போதுதான் படகுக்காரர்களின் தலைவர் எழுந்தார். அவர் சிரிக்கவே இல்லை.

“ஒண்ணு கேக்கறேன். மடவ, எறா, வல வுட்ட நாள். இன்னா இது? நம்ம பேச்ச சினிமாக்காரன் கிண்டல் பண்றான், சரி. எங்க படகுலயே வந்துட்டு நீயும் பண்றியா? படிச்ச பொண்ணு, காலேஜ்ல இப்டித்தான் எழுதுவியா? எங்களுக்கு இது போதும்னு நெனச்சிட்டியா?”

சிரிப்பு நின்றது. மச்சினி என்னைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். பின்னால் ரெண்டு பேர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

கூட்டத்தில் நான் பேசுவதில்லை. எழுந்தேன்.

“அவ நல்ல தமிழ்லதான் எழுதினா. கம்ப்யூட்டரு கொம்பு வெச்ச எழுத்த எல்லாம் கலச்சிப் போட்டுச்சி. படிச்சா தப்பாப் பூடும். நீங்களே படிக்கணும்னு சொன்னீங்க. கலையாம நின்னது நம்ம பேச்சுதான். எனுக்கும் எம் பொண்டாட்டிக்கும் தெரிஞ்ச வார்த்த. நாங்கதான் எடுத்துக் குடுத்தோம். கிண்டல் இல்ல.”

உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் படத்தின் கிட்டே போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தார். கொம்பு தேடுகிறார் என்று புரிந்தது. வெகுநேரம் தேடினார்.

“கொடுவாய்க்குக் கீதே,” என்றார்.

“அது நான் கையால எழுதினது,” என்றாள் என் மனைவி.

“கோணலா கீது,” என்றார் தலைவர். கூடம் முழுக்கச் சிரித்தது. எழுந்த ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தலைவர் திரும்பி நின்று சொன்னார், “படகு குடுக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

மச்சினி கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்துநாலு கை வேண்டும். நான் எண்ணினேன்.

முப்பத்தொன்று.