ஜெலாப்பாங் கிளையின் வாசலில் செருப்புகள்

இன்று காலை தலைமை அலுவலகத்து அண்ணன் எங்கள் ஜிம்முக்கு வந்தார். முன்மேசையில் நான் மட்டும்.

"தஞ்சோங் மாலிம் கிளையில எப்பவும் கூட்டம். இங்க கம்ப்யூட்டர்ல பாரு, காலை யோகாவுக்கு ஒரே ஆளு. ஜெலாப்பாங்க மூடிடலாம்லா."

பள்ளியைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்த ஒரே வேலை இது.

"அண்ணே, வாசல்ல செருப்ப எண்ணிப் பாருங்க."

எண்ணினார். பதினாறு ஜோடி.

"அப்ப ஏன் ஒரு கார்டுதான் பதிவாயிருக்கு?"

"முதல்ல வர்ற அக்கா வாசல் மெஷின்ல கார்டத் தட்டிக் கதவத் திறந்து பிடிச்சுக்குவாங்க. மத்தவங்க பின்னாலயே வந்துருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு மாசம் தாரேன். ஒவ்வொருத்தரும் கார்டத் தட்டணும்."

நாளை முதல் பதினைந்து அக்காமார் முகத்துக்கு நேரே நான் கதவைச் சாத்த வேண்டும். துணைக்கு யார் வருகிறீர்கள்?