நோயில்லாத பிராணிக்கு ஒரு மின்னஞ்சல்

சின்ன காஞ்சிபுரத்தில் கால்நடை வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் முரளீதரனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. நோயில்லாத ஒரு பிராணி, தடுப்பூசி போடவேண்டிய காலத்தில், தன் காலால் நடந்து அவருடைய கிளினிக் படியேற வேண்டும். இதைப் பேராசை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அவர் வெளியே சொல்லியிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஊர் வழக்கம் அப்படி. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கைவைத்தியம். பிறகு மந்திரிப்பு. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கஷாயம். எல்லாம் முடிந்து மாடு கண்ணைச் செருகும்போது டாக்டர். அதனால் அவரிடம் போன பிராணி பிழைக்காது என்ற பெயரும் அவருக்குச் சிரமமில்லாமல் கிடைத்தது. அடுத்த ஊசி எப்போது என்று ஓர் அட்டையில் எழுதித் தருவார். அந்த அட்டைகளில் ஜரிகை நூல் சுற்றி வைத்திருப்பதை நெசவாளர் வீடுகளில் அவரே பார்த்திருக்கிறார். அட்டை நல்ல கெட்டி அட்டை என்று பாராட்டும் கிடைத்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் மகள் ஜாஹ்னவி பொறுமை இழந்தாள். கிளினிக்கை மூடிவிட்டு அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு, தன் அடுக்குமாடி வீட்டுக்கு, வந்துவிட வேண்டும் என்றாள். அந்த வீட்டில் அவருக்காக ஒதுக்கியிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரியும். டாக்டர் மறுத்தார். வாக்குவாதம் முற்றியபோது மாப்பிள்ளை ராம்ப்ரஸாத் குறுக்கே புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தான். அவன் மென்பொருள் கம்பெனியில் இருப்பவன். ஒரு கம்ப்யூட்டர் வைத்து, ஊசிக்கு நாள் வந்ததும் தானாகவே மின்னஞ்சல் போகும்படி செய்துதருவான். தை பிறப்பதற்குள் அதைப் பார்த்து நோயில்லாத பிராணி ஒன்றாவது வந்தால் மாமனார் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் சென்னை.

ஆயுத பூஜையன்று, பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆரம்பித்தார்கள். இந்த நல்ல நேரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மின்னஞ்சல் முகவரி இல்லாமல் பெயரை ஏற்கமாட்டேன் என்றது கம்ப்யூட்டர். சந்நிதித் தெருக்காரர்கள் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் முகவரியைக் கொடுத்தார்கள். நெசவாளர்கள் தாங்கள் நெய்து கொடுக்கும் பட்டுக்கடையின் முகவரியைக் கொடுத்தார்கள். ஆக, தெருக்கோடி நாய்க்கு ஊசி என்ற சேதி நியூஜெர்சிக்குப் போய், அங்கிருந்து தொலைபேசியில் திரும்பி வரும். அல்லது கடைக் கணக்குப்பிள்ளை படித்து, தறிக்குப் பாவு நூல் வாங்க வருகிறவரிடம் பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார். விஞ்ஞானம் இவ்வளவு சுற்றி வந்தாலும் சேதி தவறாமல் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

கூட்டம் சேராமல் இருக்க ராம்ப்ரஸாத் ஒரு புத்திசாலித்தனமும் செய்திருந்தான். பழைய வருகைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தெந்த நேரத்தில் கிளினிக் காலியாக இருக்கிறது என்று பார்த்தான்.

"மாமா, வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஈ காக்கா வரலை. செவ்வாய் மூணுலேர்ந்து நாலரையும் அப்படித்தான். ஸ்லாட்டெல்லாம் வேஸ்டாப் போறது. எல்லாரையும் அங்கே தள்ளிட்டேன்."

டாக்டர் அப்போது மேஜைமேல் மவுஸை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். தலையாட்டினார். அதே நேரங்களில் தாம் வாராவாரம் உள்ளே போய் காப்பி குடிப்பது எதனால் என்று அவருக்குத் தோன்றவில்லை. பிறகு கம்ப்யூட்டர் பக்கமே அவர் போகவில்லை. தானாகவே போகும், தொடவேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தான், தொடவில்லை.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. நோயில்லாத பிராணி வராதது பழைய கதை. இப்போது நோயுள்ள பிராணியும் வரவில்லை. கம்பவுண்டர் வேலாயுதம் ஊசிகளை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான். மார்கழியில் டாக்டரின் மனைவி அம்ருதவல்லி பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்கி, எது சென்னைக்கு, எது தங்கைக்கு என்று பிரிக்கத் தொடங்கினாள். டாக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடினார்.

அமாவாசை வந்தது. நெசவாளர்கள் தறியில் உட்காராத நாள். காலையில் வாசலில் சத்தம் கேட்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். தெரு அடைத்து நாய்கள், கறவை மாடுகள், ஒரு கூடையில் பூனை. முன்னால் நெசவாளர் கலியாணசுந்தரம், வாலாட்டும் கறுப்பு நாயோடு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"இதுக்கு என்ன உடம்புக்கு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்குது."

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் நின்ற மாட்டைக் காட்டினார். அதுவும் நன்றாக இருந்தது. பூனை அதைவிட நன்றாக இருந்தது.

"மெயில் வந்துதா?"

"வந்துச்சி சார். அதப் பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

"அப்போ சொன்ன நாள்லயே வரப்படாதோ?"

கலியாணசுந்தரம் சங்கடத்துடன் நாயைப் பார்த்தார். "நீங்க எல்லாருக்கும் ராவுகாலமாப் பாத்து டைம் குடுத்துக்கினு இருந்தீங்க. இவ்ளோ படிச்சவரு தெரியாமயா சொல்லுவாரு? வராதீங்கன்னு நேரா சொல்ல கூச்சப்பட்டுக்கினு நாசூக்கா சொல்றாருன்னு புரிஞ்சிக்கினோம். மெட்ராஸ் போறீங்களாமே, வேலாயுதம் சொன்னாரு. போறதுக்குள்ள உங்க கையால ஊசி போட்டுக்கினு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

டாக்டர் எழுந்து கையைக் கழுவினார். சாயங்காலம் வரை ஊசி போட்டார். இடையில் ஒருமுறை உள்ளே போய் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "வந்துடுத்து. தெரு பூரா நிக்கறது. எல்லாம் மெயிலைப் பார்த்துத்தான் வந்திருக்கு." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்குத் திரும்பின.

தவறை அறிந்த ராம்ப்ரஸாத் வெட்கப்பட்டு, பஞ்சாங்கம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குக் கற்பித்தான். மறுவருஷம் ஒவ்வொரு பிராணிக்கும் அப்பழுக்கில்லாத சுபவேளையில் அழைப்பு போயிற்று. ஒருவரும் வரவில்லை. டாக்டர் எங்கே போகப்போகிறார், இங்கேதானே இருக்கிறார், அவசரமென்ன?

ஜாஹ்னவி மறுபடியும் சென்னைப் பேச்சை எடுத்தாள். அன்றுதான் டாக்டர் மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: டாக்டர் தை மாதம் சென்னைக்குக் குடிபோகிறார்.

கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு மார்கழியும் தானாகவே அனுப்பிவிடுகிறது. ஊரும் தவறாமல் அமாவாசையன்று ஆரோக்கியமான பிராணிகளோடு வந்து வழியனுப்பிவிட்டுப் போகிறது. போன தடவை கலியாணசுந்தரம் வாழைப்பழத்தைக் கொடுத்துக் கண் கலங்கி, "பத்திரமா போயிட்டு வாங்க சார்" என்றார். படி இறங்கியவர் திரும்பி வந்து கேட்டார்:

"அடுத்த ஊசிக்கு எப்ப சார் இட்டுக்கினு வரணும்?"

"வர மார்கழி அமாவாசைக்கு" என்றார் டாக்டர்.