தேன்மொழி பிடித்துக்கொண்ட சொல்

தேன்மொழியின் கணவன் மதிவாணன் பண்டார் தெங்காராவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் மூங்கில் குருத்து வெட்டப் போனான். போனவன் போனவன்தான். பதினோரு நாள் தேடினார்கள். மோட்டார் சைக்கிள் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? முனி அடித்திருக்கும் என்றார்கள் சிலர். முனி அடித்தால் ரத்தம் கக்கிச் சாவான், பிணமாவது கிடைத்திருக்க வேண்டுமே. மோகினி பிடித்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். அவள் பிடித்திருந்தால் புத்தியைக் கெடுத்துவிட்டு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பாள். இரண்டும் தேன்மொழிக்கு ஒப்பவில்லை.

தம்போய் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் ஹலிமாதான் இன்னொரு சொல்லைக் கொடுத்தாள். பூனியான். காட்டுக்குள் நம் கண்ணுக்குத் தெரியாமல் வீடு வாசலோடு வாழ்கிறவர்கள். அழகானவர்கள், கெடுதல் நினைக்காதவர்கள். மனசுக்குப் பிடித்த ஆளைக் கூட்டிப்போய்த் தங்களோடு வைத்துக்கொள்வார்கள். தமிழில் பேய்க்கு இத்தனை பேர் இருந்தும், ஆளை உயிரோடு வைத்திருக்க ஒன்றுக்கும் துப்பில்லை. தேன்மொழி அந்த மலாய்ச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதை நம்பித்தான் மூன்று வருடமாகத் தாலியும் பொட்டுமாக இருந்தாள்.

போன வாரம் கொழுந்தன் கமலநாதன் சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்தான்.

"அண்ணி, பண்டாரத்தைக் கூப்பிட்டு, தர்ப்பையில உருவம் செஞ்சு கொள்ளி வச்சிரலாம். அண்ணன் ஆத்மா அலையக்கூடாதுலா."

"உசுரோட இருக்கறவருக்கு யாராச்சும் கொள்ளி வைப்பாங்களா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசிங்க அண்ணி."

மறுநாள் கேண்டீனில், இத்தனை நாளும் கேட்கப் பயந்திருந்த கேள்வியை ஹலிமாவிடம் கேட்டாள். பூனியானோடு போனவர்கள் திரும்பி வருவார்களா?

வரலாம் என்றாள் ஹலிமா. அவர்கள் கொடுக்கும் சோற்றைத் தொடாமல் இருந்தால் வரலாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் அங்கேதான்.

தேன்மொழி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமானாலும் மதிவாணன் சட்டியைத் திறந்து பார்ப்பான். சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாளில்கூட, சோற்றுக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவான். அங்கிருந்தே கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பண்டாரத்துக்குச் சொல்லிருங்க."

"என்னண்ணி, திடீர்னு?"

"உங்கண்ணனுக்குப் பசி தாங்காது தம்பி."