அக்கா அடைத்துவைத்த குளியலறை

காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நல்லதோடு நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வண்டியூரில். அப்பா போன பிறகு ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்க வைத்தார். தமக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு பூனையைத் தூக்கி வந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஊரே அவர் தலையில் பூனையைக் கட்டியது. நாற்றம் என்று வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லச் சொல்ல, நகர்ந்து நகர்ந்து நாகமலை புதுக்கோட்டைக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மீன்கடைகளில் தலையும் குடலும் கேட்டு வாங்கி, ரேஷன் அரிசியோடு வேகவைத்துப் போடுவார். மீன் கிடைக்காத நாளில் வெறும் சோறுதான், அவருக்கும் அதுகளுக்கும்.

எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட வசதியில்லை. அதனால் ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா ரொம்பக் கண்டிப்பு. புதிதாக வரும் பூனையைக் குளியலறையில் தனியாக அடைத்துவிடுவார். வாந்தி, பேதி இல்லையென்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு விடுவார். அதுவரை அவர் குளிப்பது கொல்லையில், தட்டி மறைவில். உள்ளே போய்வந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்து, சேலை மாற்றிக்கொள்வார். அந்தத் தண்ணீரும் சர்க்கரை நோயும் சேர்ந்து காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள்.

"ஒரு வாரம் படுத்துட்டு வாக்கா," என்றேன்.

"அம்புட்டு நாளு அதுகளுக்கு யாருடா சோறு வைப்பா? நீயா வைப்ப?"

எனக்குத் திருப்பூரில் வேலை. ரத்தத்தில் விஷம் ஏறிய பிறகுதான் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேயே முடிந்துவிட்டது.

நான் பந்தல்காரரைக் கூட்டிவரப் போயிருந்த நேரத்தில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். கூடத்தில் கிடத்தியிருந்த அக்காவைப் பூனைகள் மோந்து பார்க்க வந்திருக்கின்றன. பெரியம்மா பதறிப்போய், "பொணத்தப் பூனை தாண்டுனா ஆகாதுய்யா. எல்லாத்தையும் பிடிச்சு அடைங்க!" என்றிருக்கிறார். ஆளுக்கொன்றாகப் பிடித்துக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். அக்கா கடைசியாக அங்கே தனியாக அடைத்துவைத்திருந்த குட்டி உள்ளே வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. வேண்டாம் என்று தடுக்கக்கூடியவர் கூடத்தில் கிடந்தார். அடக்கம் முடிந்து வந்து நான் கதவைத் திறந்தபோது குட்டி செத்திருந்தது. மற்றவை அந்த அசிங்கத்தை மிதித்துக்கொண்டு நின்றன.

அந்த நோய் தொற்றி, காரிய நாள் வருமுன்பே ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. கொல்லையில் குழி வெட்டியே எனக்குக் கை காய்த்துப் போயிற்று. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அவளுக்கு நல்லது பண்றதா நெனச்சேன்டா," என்று அழுதார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். எங்கள் வீடுகளில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஊசி போட்டுப் பார்த்த கால்நடை மருத்துவருக்கும், கேட்டபோதெல்லாம் கொடுத்த மீன்கடைக்காரர்களுக்கும், அக்காவுக்குத் தோள்கொடுத்த அண்ணன்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

மூன்று பூனைகள் பிழைத்திருக்கின்றன. துக்கத்துக்கு வந்த எல்லோரும் அக்காவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்றீர்கள். பூனை வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் திருப்பூரில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். காரியம் முடிந்த மறுநாள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டுக் கிளம்புமுன் கொல்லைப்பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால், கதவைத் திறந்து அவற்றை ரோட்டில் விட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏற வேண்டும்.