கடல் பக்கம், கரைப் பக்கம்... லூர்து அண்ணனுக்கு

லூர்து அண்ணன் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் முடிந்து வாசலில் உட்கார்ந்தவர்... ஒரு ஷூ லேஸைத்தான் அவிழ்த்திருந்தார்.

துறைமுகத்தில் எட்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தவர். அவர் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர், நான் ஆபீஸில் டாக்குமென்ட் செக்‌ஷன்.

ஆனால் தருவைகுளத்தில் அதிகாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அவரை வேறு மாதிரித்தான் தெரியும். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் ஒரு கயிறு, முன்னால் ஒரு செவலை நாய் இழுக்க, பின்னால் ஓடுகிற மனிதர்.

நாயின் பெயர் டக்கு. கப்பலை இழுத்து வரும் டக் போட் இருக்கிறதே, அந்தப் பெயர். குட்டியாக யார்டில் கிடைத்தவன். சரக்கு கட்டும் பட்டையை வெட்டி அவனுக்கு மார்பில் மாட்டும் ஹார்னஸ் தைத்ததும் அண்ணன்தான்.

டாக்டர் என்னை நடக்கச் சொன்ன சமயம். எனக்கோ நாய் என்றாலே நடுக்கம். அண்ணன் தன் பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் மாட்டிவிட்டார்.

"பயப்படாதளா. அவன் இழுப்பான். நீ காலை மாத்தி மாத்தி வையி, போதும்."

அந்த முதல் ஓட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உப்பளம், தண்ணீரெல்லாம் ரோஸ் கலர், தூரத்துக் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அரைத் தூக்கத்தில் யாரோ கைபிடித்துக் கூட்டிப் போவது போல இருந்தது. கேட்கிற மூச்சு என்னுடையதா அவனுடையதா என்றே தெரியவில்லை...

திரும்பும்போது உப்புப் பாத்தியில் விழுந்தேன். தப்பு என்னுடையதுதான்.

அண்ணன் வீட்டில் யாரும் இடது வலது சொல்வதில்லை. சோற்றுத் தட்டைக்கூட "கடல் பக்கம் தள்ளி வை" என்பார்கள். நாய்க்கும் அதே பாஷைதான். "கடல்" என்றால் கடல் பக்கம் திரும்புவான், "கரை" என்றால் ஊர்ப் பக்கம்.

வடக்கே போகும்போது கடல் வலது கைப் பக்கம். அதனால் கடல் என்றால் வலது என்று நான் மனப்பாடம் செய்துவிட்டேன். திரும்பி வரும்போது கடல் இடது பக்கம் வந்துவிடும் என்பது டக்குக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. "கடல்" என்று சொல்லி நான் வலது பக்கம் சாய, அவன் இடது பக்கம் இழுத்துவிட்டான்.

ஒரு லீவு நாளில் எங்கள் ஊர் கயத்தாறு பக்கம் ஒரு பொத்தைக் குன்றில் ஏறப் போனோம். பாதி ஏற்றத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பழக்க தோஷம், அண்ணன் "கடல்" என்று சொல்லிவிட்டார்!

டக்கு நின்றான். மூக்கைத் தூக்கினான். காற்றாலை சுற்றுகிற சத்தம் மட்டும்... பிறகு நேர் கிழக்கே திரும்பி, பாதையே இல்லாத உடைமரக் காட்டுக்குள் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

சட்டை கிழிந்து, கையெல்லாம் முள் கீறி, உள்ளேயிருந்து அண்ணன் சிரிக்கிறார். "ஏளா, ஒங்க ஊர்ல கடல் இல்லன்னா இவன் நம்ப மாட்டேங்கான்!"

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது இதை அழுதுகொண்டே டைப் செய்கிறேன்.

நேற்று அண்ணனின் மனைவி மெர்சி அக்கா போன் பண்ணினார். "மூணு நாளா டக்கு சோத்துல வாய் வைக்கல. வாசலையே பாத்துட்டுக் கெடக்கான். யாருக்காவது குடுத்துருங்கன்னு மவன் துபாய்லேர்ந்து சொல்லுதான்... நீ ஒருக்க கூட்டிட்டுப் போய்ப் பாக்கியாளா?"

இன்று காலை போனேன். ஹார்னஸை மாட்டி, அண்ணனின் பெல்ட்டை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவன் சும்மா நின்றான்.

"கடல்" என்றேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு அடி வைத்தான். அப்புறம் இழுத்தான்... அதே பாதை, அதே ரோஸ் தண்ணீர்.

அண்ணன் தினமும் திரும்புகிற மோட்டார் ஷெட் வந்தது. அங்கே வந்ததும் அவர் "கரை" என்பார், வீட்டுக்குத் திரும்புவார்கள். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

டக்கு தானாகத் திரும்பவில்லை. தலையை மட்டும் திருப்பி, என்னைத் தாண்டி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ... வெயில் ஏறிவிட்டது.

கடைசியில் நான்தான் சொன்னேன். "கரை... டக்கு, கரை."

போய் வாங்க அண்ணே. உங்கள் பிள்ளையை நான் யாருக்கும் கொடுக்க விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து அரைத் தட்டுச் சோறு தின்றான்.